நாஸ் கருவியை விற்கும் முன்: ரீசெட் எதை அழிக்கிறது, எதை விட்டுவைக்கிறது

பழைய நாஸ் கருவியை விற்க முடிவு செய்பவர்களில் பலர், அதன் நிர்வாகப் பக்கத்தைத் திறந்து, 'ஃபேக்டரி ரீசெட்' பொத்தானை அழுத்தி, கருவி மறுபடி இயங்கத் தொடங்கிப் புதிய பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்பதைப் பார்த்தவுடன் வேலை முடிந்ததாக எண்ணிவிடுகிறார்கள். ரீசெட் என்பது அடுத்து வாங்குபவர் கருவியைப் புதிதாக அமைத்துக்கொள்ள வழிசெய்யும் ஏற்பாடு. பழைய உரிமையாளரின் கோப்புகள் வட்டுகளின் பரப்பில் இன்னும் இருக்கின்றனவா என்பது தனிக் கேள்வி. பெரும்பாலான நேரங்களில் அதற்கு விடை, இருக்கின்றன என்பதே.

நாஸ் எனப்படும் பிணையச் சேமிப்பகக் கருவி, உண்மையில் ஒரு சிறிய கணினி. திரையும் விசைப்பலகையும் இல்லாத அந்தப் பெட்டிக்குள் ஒரு செயலி, சிறிது நினைவகம், லினக்ஸ் அல்லது அதையொத்த இயங்குதளம், இரண்டோ நான்கோ அதற்கு மேலுமோ வட்டுகள் இருக்கும். சினாலஜி, க்யூநாப் போன்ற பெயர்களில் விற்கப்படும் கருவிகள் இந்த வகையைச் சேர்ந்தவை. வீட்டிலும் சிறு அலுவலகத்திலும் உள்ள மற்ற எல்லாக் கணினிகளின், கைப்பேசிகளின் காப்புப்பிரதிகளும் வந்து சேரும் இடம் இதுதான் என்பதால், ஒரு மடிக்கணினியை விற்பதைக் காட்டிலும் இதை விற்கும்போது கூடுதல் கவனம் தேவைப்படுகிறது. மடிக்கணினியில் ஒருவருடைய கோப்புகள் இருக்கும். நாஸில் அந்த வீட்டில் இருக்கும் அத்தனை பேருடைய கோப்புகளும், பல ஆண்டுகளுக்கு முன் தூக்கிப்போட்ட கைப்பேசியின் படங்கள் உட்பட, இருக்கக்கூடும்.

கணினி 'அழித்தேன்' என்று சொல்லும்போது என்ன நடக்கிறது

வட்டில் ஒரு கோப்பு இருக்கிறது என்றால் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன என்று பொருள்: கோப்பின் உள்ளடக்கமான பைட்டுகள் ஒன்று, அந்தப் பைட்டுகள் எந்தெந்த இடத்தில் உள்ளன, கோப்பின் பெயர் என்ன என்று சொல்லும் குறிப்பு மற்றொன்று. கோப்பை அழிக்கும்போது கணினி பெரும்பாலும் குறிப்பை மட்டுமே நீக்கி, அந்த இடங்கள் இனிப் புதிய கோப்புகளுக்குப் பயன்படலாம் என்று குறித்துவைக்கிறது. பதிவேட்டில் ஒரு நிலத்துக்கு எதிரே இருந்த பெயரை அடித்துவிட்டால் நிலத்தில் நிற்கும் பயிர் மறைந்துவிடாது. வேறொருவர் வந்து உழும்வரை அது அங்கேயே நிற்கும். விரைவு ஃபார்மட் என்பது இந்தப் பதிவேட்டையே தூக்கி எறிந்துவிட்டுப் புதிய பதிவேடு தொடங்குவது. விண்டோஸின் முழு ஃபார்மட் மட்டும், விஸ்டா பதிப்பிலிருந்து, வட்டு முழுவதும் பூச்சியங்களை எழுதுகிறது, அதாவது உழுதுவிடுகிறது.

குறிப்பு போய்விட்ட பிறகு கோப்புகளைக் கண்டுபிடிப்பது கடினம் அல்லவா என்று கேட்கலாம். கடினமில்லை. பெரும்பாலான கோப்பு வகைகள் தமக்கே உரிய சில பைட்டுகளில் தொடங்குகின்றன. ஜேபெக் படம் ஒருவிதமாக, பிடிஎஃப் ஆவணம் வேறுவிதமாக. ஃபோட்டோரெக் போன்ற இலவச மென்பொருள்கள் வட்டின் முதல் இடத்திலிருந்து கடைசி இடம் வரை படித்துக்கொண்டே போய், இந்தத் தொடக்க அடையாளங்களை வைத்துக் கோப்புகளைப் பொறுக்கி எடுத்துவிடும். கோப்பின் பெயர் கிடைக்காமல் போகலாம், படம் கிடைத்துவிடும். அதை இயக்குவதற்கு நிபுணத்துவம் எதுவும் தேவையில்லை, பொறுமை போதும்.

இது வெறும் கற்பனையான ஆபத்து இல்லை என்பதற்கு அடிக்கடி சுட்டப்படும் ஆய்வு ஒன்று உண்டு. சிம்சன் கார்ஃபிங்கல், அபி ஷெலட் என்ற இரு ஆய்வாளர்கள் 2000ஆம் ஆண்டு முதல் 2002 வரை பழைய பொருள் சந்தையில் 158 வன்வட்டுகளை வாங்கினார்கள். இயங்கும் நிலையில் இருந்த 129 வட்டுகளில் முறையாகத் துடைக்கப்பட்டிருந்தவை 12 மட்டுமே. மற்றவற்றிலிருந்து ஆயிரக்கணக்கான கடனட்டை எண்களும் மருத்துவக் குறிப்புகளும் கிடைத்தன; ஒரு வட்டு ஏதோ ஒரு பணப் பட்டுவாடா இயந்திரத்திலிருந்து வந்திருந்தது. அவற்றை விற்றவர்களில் கணிசமானோர் எதையும் செய்யாமல் விட்டவர்கள் இல்லை. கோப்புகளை அழித்தோ ஃபார்மட் செய்தோ விட்டு, அதுவே போதும் என்று நம்பியவர்கள்.

ரெய்டு தரும் பொய்யான நிம்மதி

பல வட்டுகளை ஒரே தொகுப்பாக இணைத்து இயக்கும் முறைக்கு ரெய்டு என்று பெயர். நாஸ் பயன்படுத்துவோரிடையே ஒரு நம்பிக்கை பரவலாக உண்டு: தரவு பல வட்டுகளில் பிரித்து எழுதப்பட்டிருப்பதால், ஒரு வட்டைத் தனியாக எடுத்துப் பார்ப்பவருக்கு ஒன்றும் புரியாது என்பது. ரெய்டு 1 என்ற அமைப்பில் இது முற்றிலும் தவறு. அங்கே ஒவ்வொரு வட்டும் மற்றதன் முழு நகல். ஒன்றைக் கையில் வைத்திருப்பவர் எல்லாவற்றையும் வைத்திருக்கிறார்.

ரெய்டு 5இல் தரவு துண்டுதுண்டாக வட்டுகளுக்குப் பகிர்ந்தளிக்கப்படுகிறது என்பது சரிதான். ஆனால் அந்தத் துண்டின் அளவு என்ன என்று கேட்க வேண்டும். வழக்கமான அளவுகளில் ஒன்றான 64 கிலோபைட்டையே எடுத்துக்கொள்வோம். எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒன்றுக்கு (எழுத்து, கால், கொம்பு, புள்ளி ஒவ்வொன்றும் ஒரு குறி) 3 பைட்டுகள் செலவாகின்றன. ஒரு துண்டில் 21,000க்கும் மேற்பட்ட குறிகள் அடங்கும். ஒரு நீண்ட கடிதமோ, கடவுச்சொற்களைக் குறித்துவைத்த உரைக்கோப்போ, ஒரு மாதத்து வரவுசெலவுப் பட்டியலோ ஒரே துண்டில் முழுமையாக உட்கார்ந்துவிடும். பெரிய காணொளிகள்தான் சிதறுகின்றன; மற்றவர் கண்ணில் படக்கூடாத விஷயங்கள் பெரும்பாலும் சிறிய கோப்புகளில்தான் இருக்கின்றன. இதற்கு மேல், எல்லா வட்டுகளோடும் சேர்த்தே கருவியை விற்றால் சிதறல் பற்றிய பேச்சுக்கே இடமில்லை. எந்த வட்டு எத்தனையாவது, துண்டு எவ்வளவு பெரியது என்ற விவரங்கள் ஒவ்வொரு வட்டிலும் எழுதப்பட்டிருக்கும். லினக்ஸ் கணினியொன்றில் அவற்றைச் சேர்த்துச் செருகினால், பல நேரங்களில் தொகுப்பு தானாகவே எழுந்து நிற்கும். நிர்வாகப் பக்கத்தில் தொகுப்பை நீக்குவது இந்த விவரத்தைத்தான் நீக்குகிறது, உள்ளடக்கத்தை இல்லை.

நாஸுக்கே உரிய ஒளிவிடங்கள் வேறு சிலவும் உண்டு. பகிர்வுக் கோப்புறைகளில் உள்ள மீள்சுழற்சித் தொட்டி, அழித்த கோப்புகளை வைத்துக்கொண்டிருக்கும். பிடிஆர்எஃப்எஸ், இசட்எஃப்எஸ் போன்ற கோப்பு முறைமைகளில் எடுத்த ஸ்னாப்ஷாட்டுகள், நீங்கள் போன ஆண்டு அழித்த கோப்பை அதன் அன்றைய நிலையில் பிடித்துவைத்திருக்கும். வேகத்துக்காகச் செருகிய சிறிய எஸ்எஸ்டி (சுழலும் தட்டுகள் இல்லாத, சில்லுகளாலான வட்டு) தற்காலிகத் தேக்கமாக வேலை செய்வதால், அடிக்கடி திறந்த கோப்புகளின் நகல்கள் அதிலும் இருக்கும்; பெட்டியின் அடிப்பகுதியில் திருகாணியிட்ட மூடிக்குள் இருக்கக்கூடிய அதை மறந்துவிடுவது மிக எளிது. சினாலஜி கருவிகளில் இயங்குதளமும் பதிவுக் குறிப்புகளும் எல்லா வட்டுகளிலும் ஒரு சிறு பகுதியாக நகலெடுத்து வைக்கப்படுகின்றன. ஆகவே, 'தரவு வட்டு எது' என்று தேடிக்கொண்டிருக்காமல் பெட்டிக்குள் இருக்கும் ஒவ்வொரு வட்டையும் முதல் இடம் முதல் கடைசி இடம் வரை தனித்தனியாகத் துடைக்க வேண்டிய ஒன்றாகக் கருதுவதே சரியான அணுகுமுறை.

சுழலும் வட்டு: ஒரு முறை எழுதினால் போதும்

காந்தப் பரப்புள்ள வழக்கமான வன்வட்டைத் துடைக்கும் முறை எளிமையானது. வட்டு முழுவதும் பூச்சியங்களையோ தற்செயல் எண்களையோ எழுத வேண்டும். எத்தனை முறை என்பதில்தான் பழைய பயம் ஒன்று இன்னும் உலவுகிறது. 1996இல் பீட்டர் கட்மன் என்ற ஆய்வாளர் வெளியிட்ட கட்டுரையில் 35 முறை எழுதும் ஒரு வரிசை இருந்தது. அன்று புழக்கத்தில் இருந்த பல்வேறு குறியீட்டு முறைகள் அனைத்தையும் சேர்த்துச் சமாளிப்பதற்காக அமைக்கப்பட்ட வரிசை அது. எந்தத் தனி வட்டுக்கும் அத்தனை முறையும் தேவைப்பட்டதில்லை. 35 முறையையும் ஒரு மந்திரச் சடங்கைப் போலப் பின்பற்றுவதில் பொருளில்லை என்று கட்மனே பின்னர் எழுதினார். அமெரிக்கத் தேசியத் தர மற்றும் தொழில்நுட்ப நிறுவனம் 2014இல் திருத்தி வெளியிட்ட 800-88 என்ற வழிகாட்டி, இன்றைய காந்த வட்டுகளுக்கு ஒரே ஒரு மேலெழுத்து பொதுவாகப் போதும் என்கிறது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இது ஏன் நல்ல செய்தி என்று தெரியும். 4 டெராபைட் வட்டில் நொடிக்கு 150 மெகாபைட் வேகத்தில் எழுதினால் ஒரு முறைக்கே ஏறத்தாழ ஏழரை மணி நேரம் ஆகும். முப்பத்தைந்து முறை என்றால் கிட்டத்தட்ட பதினொரு நாள். அவ்வளவு நேரம் காத்திருக்க முடியாமல் பாதியில் நிறுத்துபவரைவிட, ஒரு முறை எழுதி முழுமையாக முடிப்பவர் பாதுகாப்பாக இருக்கிறார்.

செய்வதற்கு இரண்டு வழிகள். சில நாஸ் கருவிகளில் சேமிப்பக நிர்வாகப் பகுதியிலேயே பாதுகாப்பாக அழிக்கும் வசதி உண்டு. தொகுப்பில் சேராத வட்டைத் தேர்ந்தெடுத்து அதை இயக்கலாம். ஆனால் இயங்குதளமே வட்டுகளில் குடியிருக்கும் கருவிகளில், எல்லா வட்டுகளையும் உள்ளிருந்தே துடைக்க முயல்வது நுனிக்கிளையில் உட்கார்ந்துகொண்டு அடிக்கிளையை வெட்டுவதைப் போன்றது; கடைசி வட்டு எஞ்சிவிடும். ஆகவே நான் விரும்புவது இரண்டாவது வழியை. வட்டுகளைக் கழற்றி, ஒரு மேசைக் கணினியின் சாட்டா இணைப்பில் ஒவ்வொன்றாகச் செருகி, யுஎஸ்பி குச்சியிலிருந்து லினக்ஸை இயக்கி, 'என்வைப்' (nwipe) போன்ற துடைக்கும் மென்பொருளை ஓடவிடுவது. இதில் ஓர் எச்சரிக்கை மிக முக்கியம். இந்த மென்பொருள்களுக்கு உங்கள் பழைய வட்டு எது, அன்றாடம் பயன்படுத்தும் வட்டு எது என்று தெரியாது. தவறான பெயரைத் தேர்ந்தெடுத்தால் மறுபேச்சின்றி அதைத் துடைத்துவிடும். வட்டின் மேல் ஒட்டியிருக்கும் வரிசை எண்ணைத் திரையில் தெரியும் எண்ணோடு ஒப்பிடுவது நல்லது. அந்தக் கணினியின் சொந்த வட்டின் கம்பியை முன்னதாகவே கழற்றி வைத்துவிடுவது அதைவிட நல்லது.

மேலெழுதுவதற்கும் ஓர் எல்லை உண்டு. வட்டில் ஏதேனும் ஓர் இடம் பழுதாகத் தொடங்கினால், வட்டே அதை ஒதுக்கிவைத்து வேறோர் இடத்தை மாற்றாகக் கொடுத்துவிடும். ஒதுக்கப்பட்ட அந்த இடத்தில் பழைய பைட்டுகள் இருக்கலாம். வெளியிலிருந்து எழுதும் மென்பொருளால் அங்கே போகவே முடியாது. ஒதுக்கப்பட்ட இடங்கள் எத்தனை என்பதை, வட்டு தன் நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் அறிக்கை காட்டும். பூச்சியம் என்றால் கவலையில்லை. எண்ணிக்கை கூடியிருந்தால், அந்த வட்டு விற்பதற்குத் தகுந்ததும் இல்லை. அதைக் கருவியோடு கொடுக்காமல் தனியே சிதைத்துவிடலாம்.

எஸ்எஸ்டி வேறு வகை

ஃபிளாஷ் நினைவகத்தாலான எஸ்எஸ்டியில் மேலே சொன்ன முறை நம்பத்தகுந்ததில்லை. ஃபிளாஷ் செல்கள் குறிப்பிட்ட எண்ணிக்கையில் எழுதியதும் தேய்ந்துவிடும் என்பதால், தேய்மானத்தைச் சமமாகப் பரப்புவதற்காக, உள்ளே இருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லு ஒவ்வொரு முறையும் புதிய இடத்தைத் தேர்ந்தெடுத்து எழுதுகிறது. பத்தாவது இடத்தில் எழுது என்று கணினி சொன்னால், பழைய பத்தாவது இடம் அப்படியே இருக்க, வேறெங்கோ எழுதப்பட்டு அதற்குப் 'பத்து' என்று பெயர் சூட்டப்படும். தவிர, வெளியே அறிவிக்கப்படும் கொள்ளளவைக் காட்டிலும் உள்ளே கூடுதல் செல்கள் இருக்கும்; அவற்றுக்குக் கணினியின் கை எட்டாது. 2011இல் சான் டியாகோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எஸ்எஸ்டிகளின் சில்லுகளைத் தனியே படித்துச் சோதித்தபோது, தனிக் கோப்பை மேலெழுதி அழிக்கும் எந்த முறையும் முழுப் பலன் தரவில்லை என்று கண்டார்கள்.

ஆகவே எஸ்எஸ்டியிடம், 'நீயே உன்னை அழித்துக்கொள்' என்று கட்டளையிட வேண்டியிருக்கிறது. சாட்டா வகைக்கு செக்யூர் இரேஸ், சானிடைஸ் என்ற கட்டளைகளும், தாய்ப்பலகையில் நேரடியாகச் செருகும் என்விஎம்இ வகைக்கு ஃபார்மட், சானிடைஸ் என்ற கட்டளைகளும் இருக்கின்றன. லினக்ஸ் வழியாகவோ, வட்டு நிறுவனம் தரும் மென்பொருள் வழியாகவோ, சில கணினிகளில் தொடக்க அமைப்புப் பக்கமான பயோஸ் வழியாகவோ இவற்றை அனுப்பலாம். கட்டளை போன பிறகு எஸ்எஸ்டி தன் எல்லாச் செல்களையும், மறைவானவை உட்பட, வெறுமையாக்க வேண்டும். பல மணி நேரம் பிடிக்கும் வேலை இங்கே சில நிமிடங்களில், சில நேரம் சில நொடிகளில், முடிந்துவிடும். யுஎஸ்பி உறையில் போட்டு இதைச் செய்ய முயன்றால் நடுவிலுள்ள சில்லு கட்டளையைக் கடத்தாமல் போகலாம். வட்டு 'உறைந்த' நிலையில் இருப்பதாகச் செய்தி வந்தால், கணினியை ஒருமுறை உறக்கநிலைக்கு அனுப்பி எழுப்பினால் பெரும்பாலும் சரியாகும்.

கட்டளை அனுப்பியதாலேயே அழிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. அதே 2011 ஆய்வில் ஒரு வட்டு, வெற்றிகரமாக அழித்துவிட்டேன் என்று பதில் சொல்லியும் தரவு முழுவதையும் அப்படியே வைத்திருந்தது. அவை தொடக்க காலத்து எஸ்எஸ்டிகள். இருந்தாலும், சொன்னதை நம்பாமல் திறந்து பார்க்க வேண்டும் என்பதற்கு அதுவே போதுமான காரணம்.

சாவியைத் தொலைப்பது

இத்தனை பாடும் தேவைப்படாத நிலை ஒன்று உண்டு. நாஸை முதன்முதலாக அமைத்த அன்றே தரவுப் பகுதி முழுவதையும் மறையாக்கம் செய்திருந்தால், வட்டில் இருப்பவை எல்லாம் சாவி இல்லாமல் பொருளற்ற பைட்டுகளே. சாவியை அழித்தால் எல்லாம் அழிந்ததாகிவிடும். லினக்ஸின் லக்ஸ் என்ற மறையாக்க முறையில் சாவி பற்றிய விவரங்கள் வட்டுப் பகுதியின் தொடக்கத்தில் சில மெகாபைட் அளவுக்குள் அடங்கியிருக்கும். அந்தச் சிறு பகுதியைத் துடைத்தால் பல டெராபைட்டுகள் ஒரு நொடியில் படிக்க முடியாதவை ஆகும். நிபுணர்கள் இதை ஏற்கத்தக்க அழிப்பு முறையாகவே கருதுகிறார்கள்.

ஆனால் இதற்கு நிபந்தனைகள் உண்டு. சில கருவிகள், ஒவ்வொரு முறையும் கடவுச்சொல் கேட்காமல் தானாகத் திறந்துகொள்வதற்காகச் சாவியைத் தங்களுக்குள்ளேயே சேமித்துவைக்கும் வசதியைத் தருகின்றன. அதை இயக்கியிருந்தால் பூட்டையும் சாவியையும் ஒரே பெட்டியில் வைத்து விற்பதாகிவிடும். ஒரு சில கோப்புறைகளை மட்டும் மறையாக்கம் செய்திருந்தால் மற்றவை வெளிப்படையாகவே இருக்கும். விற்பதற்கு முந்தைய நாள் மறையாக்கத்தைத் தொடங்குவதும் அவ்வளவாகப் பயன்படாது. முன்பே வெளிப்படையாக எழுதப்பட்ட பைட்டுகள் காலி இடம் என்று குறிக்கப்பட்ட பகுதிகளில் எஞ்சியிருக்கும். எனவே, சுழலும் வட்டாக இருந்தால், சாவியை அழித்த பிறகு ஒரு முறை மேலெழுதியும் விடலாம். செலவாவது நேரம் மட்டுமே.

பெட்டியும் சில விஷயங்களை நினைவில் வைத்திருக்கும்

வட்டுகளைத் துடைத்த பிறகு ரீசெட் பொத்தானுக்கு உண்மையான வேலை வருகிறது. பல கருவிகளில் தாய்ப்பலகையிலேயே ஒரு சிறிய ஃபிளாஷ் நினைவகம் இருக்கிறது. கருவியின் பெயர், பிணைய அமைப்புகள் போன்றவை அதில் தங்கலாம். ரீசெட் இவற்றைத்தான் நீக்குகிறது. ஆனால் அதற்கு முன், கருவி இன்னும் உயிரோடு இருக்கும்போதே செய்து முடிக்க வேண்டியவை உண்டு: தயாரிப்பு நிறுவனத்தின் இணையக் கணக்கிலிருந்து இந்தக் கருவியை விலக்குவது, கருவியில் கட்டணம் செலுத்திப் பெற்ற உரிமங்கள் இருந்தால் அவற்றை விடுவிப்பது, மேகச் சேமிப்பகத்துக்குக் காப்புப்பிரதி அனுப்ப நாஸுக்குக் கொடுத்திருந்த அனுமதியை அந்தந்தச் சேவையின் பக்கத்தில் போய் ரத்துசெய்வது. இந்தக் கடைசி வேலையை நாஸிலிருந்து செய்தால் போதாது. மறுமுனையில் செய்தால்தான், எங்காவது ஒரு நகல் தப்பியிருந்தாலும் அது செல்லாததாகும். வீட்டு ரூட்டரில் இந்தக் கருவியை வெளியிலிருந்து அணுகுவதற்காகத் திறந்துவைத்த வழியான போர்ட்டையும் மூடிவிட வேண்டும். இல்லாவிட்டால் நாளை அதே முகவரியைப் பெறும் வேறொரு கருவி இணையத்துக்கு வெளிப்பட்டு நிற்கும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னதாக, தேவையான கோப்புகள் வேறோர் இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டனவா என்று சிலவற்றைத் திறந்தே பார்த்திருக்க வேண்டும். நகலெடுத்ததாகத் திரையில் வந்த செய்தி சான்றாகாது. பிழையாக எடுத்த காப்புப்பிரதியை, நன்றாகத் துடைத்த வட்டிலிருந்து யாராலும் திருத்த முடியாது.

துடைத்து முடித்த வட்டைச் சரிபார்ப்பது நீண்ட வேலையில்லை. பூச்சியங்களை எழுதியிருந்தால், வட்டின் தொடக்கத்திலும் நடுவிலும் இறுதியிலும் சில இடங்களை, பைட்டுகளை அப்படியே எண்களாகக் காட்டும் பதினாறடிமானப் பார்வையில் திறந்து, எல்லாம் பூச்சியமாகவே இருக்கின்றனவா என்று பார்க்கலாம். முன்னே குறிப்பிட்ட மீட்பு மென்பொருளையே வட்டின் மேல் ஓடவிட்டு, அது வெறுங்கையோடு திரும்புகிறதா என்று பார்ப்பது இன்னும் தெளிவான சோதனை. எல்லா வட்டுகளையும் பார்க்க நேரமில்லை என்றால், வட்டுகளை வைத்துக்கொண்டு பெட்டியை மட்டும் விற்றுவிடலாம். பழைய வட்டுகளுக்குக் கிடைக்கும் கூடுதல் விலை பெரும்பாலும் சொற்பம் என்பதால், தயங்குகிறவர்களுக்கு நான் சொல்லும் யோசனை அதுவே.

வேலையைப் பிறரிடம் ஒப்படைக்கும்போது அவர்கள் அதை உண்மையிலேயே செய்தார்களா என்ற கேள்வி சேர்ந்துகொள்கிறது. மார்கன் ஸ்டான்லி என்ற நிதி நிறுவனத்தின் ஒரு பிரிவு, பழைய வட்டுகளையும் சேவைக் கணினிகளையும் அகற்றும் பொறுப்பை, தரவு அழிப்பில் அனுபவமே இல்லாத, சாமான்களை இடம்மாற்றித் தரும் ஒரு நிறுவனத்திடம் கொடுத்திருந்தது. வாடிக்கையாளர் விவரங்கள் நீக்கப்படாமலேயே அவற்றில் சில இணைய ஏலத்தில் விற்பனைக்கு வந்தன. இதற்காக அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் 2022இல் விதித்த அபராதம் 3.5 கோடி டாலர்.

வட்டு இயங்கவே இல்லை என்றால் துடைக்கவும் முடியாது. இயங்காத வட்டு படிக்க முடியாத வட்டு ஆகிவிடாது; பழுதானது அதன் மின்சுற்றுப் பலகை மட்டுமாக இருக்கலாம், உள்ளே இருக்கும் தட்டுகள் நலமாகவே இருக்கக்கூடும். அதனால், ரெய்டு 1இல் ஓடிக்கொண்டிருந்த நாஸில் இரண்டு ஆண்டுகளுக்கு முன் பழுதாகி, புதியது மாற்றப்பட்டு, பிறகு பார்க்கலாம் என்று மேசை இழுப்பறைக்குள் போடப்பட்ட அந்த வட்டையும் இப்போது வெளியே எடுக்க வேண்டும். அன்றைய தேதி வரையிலான எல்லாக் கோப்புகளும் அதில் முழுமையாக இருக்கின்றன. சுழலும் வட்டானால் உறையைத் திறந்து தட்டுகளைத் துளையிட்டோ வளைத்தோ உடைத்தோ விட வேண்டும்; எஸ்எஸ்டியானால் பலகையில் இருக்கும் ஒவ்வொரு நினைவகச் சில்லையும் நொறுக்க வேண்டும். காந்தம் சில்லை ஒன்றும் செய்யாது.